ஒப்புதலுக்குக் காத்திருந்த செய்தி

அன்புள்ள நானா,

நேற்று உக்குவளைக் கடைத்தெருவில் ஒரு வாசலில் சாக்கு விரித்து மிளகு காயப் போட்டிருந்தார்கள். வெயில் ஏறிய மிளகின் நெடி மூக்கில் பட்டதும் கால்கள் தாமாகவே உங்கள் மிளகுக் கடைப் பக்கம் திரும்பிவிட்டன. அங்கே இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். கடைப் பையன் "என்ன மாடல் அங்கிள்?" என்று கேட்டான். திரும்பி வந்தேன்.

மிளகு கொண்டுவருபவர் என்னதான் பெருமை பேசினாலும் நீங்கள் பதில் சொல்லமாட்டீர்கள். ஒரு பிடி அள்ளித் தண்ணீர்க் கோப்பையில் போடுவீர்கள். பொக்கு மிளகு மேலே மிதக்கும், நிறைமணி அடியில் போய் உட்காரும். "நீங்க பேசாதீங்க, தண்ணி செல்லட்டும்" என்பீர்கள். 'சொல்லு' என்பது உங்கள் வாயில் எப்போதும் 'செல்லு'தான்.

ரிஸ்னாவுக்கு இங்கிலாந்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்தபோது என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். உம்மாவை இழந்த பிள்ளை, உங்களுக்கு ஒரே மகள். உங்கள் நெஞ்சும் அதற்கு முன்பே ஒருமுறை மிரட்டியிருந்தது. அங்கே படிக்கும் பிள்ளைகள் இணையத்தில் குழுக்கள் வைத்திருக்கிறார்களாம், எதில் சேர்வது என்று மகள் கேட்கிறாள் என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஏதும் ஆச்செண்டா அவளுக்குப் பக்கத்துல ஆரு இரிப்பாங்க? அத மட்டும் பாத்துச் செல்லுங்க தம்பி" என்றீர்கள்.

என்னைக் கேட்டதற்குக் காரணம் என் ஆங்கிலம். சீகிரியா ஹோட்டலின் களஞ்சிய அறையில் சீனியும் சவர்க்காரமும் அளந்துகொண்டே, விருந்தாளிகள் விட்டுப்போன புத்தகங்களைப் படித்து நானாகக் கற்றது. சான்றிதழ் இல்லை என்று சொல்லி வரவேற்பு மேசைக்கு என்னை ஒருநாளும் எடுக்கவில்லை. நான் விண்ணப்பக் கடிதம் எழுதிக்கொடுத்தவர்கள் எனக்கு மேலே போனார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை.

நண்பகலில் லுஹர் தொழுதுவிட்டு நீங்கள் வந்ததும் பின்கட்டில் சாக்குகளுக்கு நடுவே உட்காருவோம். ரிஸ்னா தன் கைப்பேசியிலிருந்து நம்மையும் அந்தக் குழுக்கள் மூன்றிலும் சேர்த்துவிட்டிருந்தாள். முதலாவது குழுவில் எல்லோரும் எல்லாவற்றையும் புகழ்ந்தார்கள். அறைக்குக் கட்டிய முற்பணம் திரும்பக் கிடைக்காதவர்கள் இருக்கிறீர்களா என்று எழுதிப்போட்டேன். சற்று நேரத்தில் கேள்வியையும் காணவில்லை, நாமும் அந்தக் குழுவில் இல்லை. பிள்ளைகளை அனுப்பும் முகவர் ஒருவர் நடத்திய இடம் அது. "பொக்கு" என்றீர்கள். அதில் நமக்குள் சண்டை இல்லை.

மிச்சம் இருந்த இரண்டுக்கும் ஒரே கேள்வியைப் போடச் சொன்னது நீங்கள்தான். ஊரை விட்டு வந்த இடத்தில் உங்களுக்குத் துக்கம் நேர்ந்தபோது பக்கத்தில் வந்து நின்றது யார்? பல்கலைக்கழகத்தாரே நடத்திய குழுவில் நல்ல ஆங்கிலத்தில் பதில் வந்தது. ஆலோசகரின் தொலைபேசி எண், அவர் இருக்கும் நேரம், மரியாதையான வணக்கம். அங்கே ஒவ்வொரு செய்தியையும் ஒருவர் படித்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். இதுதான் ஒழுங்கு என்று சொன்னேன்.

மற்றது நம் நாட்டுப் பிள்ளைகளின் குழு. தமிழும் சிங்களமும் கலந்த சந்தைக் கூச்சல். கொத்து ராஜா என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன், "அங்கிள், துக்கம் எல்லாம் பொறகு, மொதல்ல சாப்டீங்களா?" என்று எழுதினான். இன்னொருத்தி, "எனக்குக் குடல் ஒப்பரேஷன் நடந்தப்ப இந்தக் கொத்து ராஜாதான் வந்து பாத்துக்கிட்டான். போகும்போது என் ரைஸ் குக்கரையும் தூக்கிட்டுப் போயிட்டான்" என்றாள். கடன் வாங்கினேன் என்றான் அவன். பொழுது சாயும்வரை அந்தக் குக்கருக்காகச் சண்டை நடந்தது.

நீங்கள் சிரித்துச் சிரித்துத் தொப்பியைக் கழற்றி முகம் துடைத்தீர்கள்.

"பாத்தீங்களா தம்பி, வந்திரிக்கான்."

"குக்கரையும்ல தூக்கியிருக்கான் நானா."

"தூக்கட்டுமே. வந்தவன்தானே தூக்க ஏலும்."

"இதுக்கு யாரு பொறுப்பு? பேரு கெடையாது, ஊரு கெடையாது, ஒரு சட்டம் கெடையாது."

அப்போதுதான் அதைச் சொன்னீர்கள். "சேட்டிஃபிகேட் இல்லண்டு ஒங்கள ஒதுக்கினாங்க. நீங்க இப்ப அந்தப் புள்ளைகள்ட்ட சேட்டிஃபிகேட் கேக்குறீங்க."

நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். "நாளைக்கு வாங்க, மிச்சத்தையும் சண்ட புடிப்போம்" என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னீர்கள். ஒரு வாரம் நான் வரவில்லை. பிறகு வந்தபோது நீங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. ரிஸ்னா நான் சொன்ன குழுவையே நம்பிப் புறப்பட்டுப் போனாள். மற்றதையும் விட்டுவிடாதே என்று அவளிடம் நீங்கள் தனியாகச் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. "சண்ட பாத்தாலும் பொழுது போகும் மகள்" என்றீர்களாம்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடை திறக்கப் போனவர் கதவருகிலேயே சாய்ந்துவிட்டீர்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானது. எந்த விமானத்தில் ஏறினாலும் மகள் வந்து சேரமுடியாது.

மையவாடியில் உங்கள் குழியருகே, ரிஸ்னாவுக்குக் காட்டக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான் நானா. படம் பிடிப்பதா என்று ஒருவர் முகம் சுளித்தார். உங்கள் மைத்துனர், "அவரு புடிக்கட்டும், புள்ள பாக்கட்டும்" என்றார். நான் உயர்த்திப் பிடிக்காததில் பாதி நேரம் அவள் பார்த்தது மண்ணும் செருப்புகளும்தான். மன்னியுங்கள்.

அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ரிஸ்னா தனியாக அழவில்லை. "அந்த ஜன்னலத் தொற, அவளுக்கு மூச்சு முட்டுது" என்று ஒருத்தி அதட்டினாள். சிங்களத்தில் ஒரு பெண் குரல் "நங்கி, நங்கி" என்று தங்கையைப்போல் அவளைத் தேற்றியது. பின்னால் எங்கோ ஒருவன், "கஞ்சி ஆவுது, ஒரு வாய் குடிக்க வைங்க" என்றான். ஒருத்தி அழுகையின் நடுவே கேட்டாள்: "டேய், இது என் குக்கர்தானே?"

"ஓம். இப்ப பேசாத."

உங்கள் மைத்துனர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் உங்களுக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார். அதுவும்தான்.

ரிஸ்னா செய்தி கேட்ட உடனே இரண்டு குழுக்களிலும் ஒரே வரியை எழுதியிருக்கிறாள்: என் வாப்பா மவுத்தாகிவிட்டார். ஒன்றில் பதில் எழுதக்கூட எவரும் மினக்கெடவில்லை, நேரே வந்து கதவைத் தட்டிவிட்டார்கள். மற்றதில், உங்கள் செய்தி ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது என்று வந்தது. ஞாயிறு, படிக்கிறவருக்கு விடுமுறை. திங்கட்கிழமை ஒப்புதல் கிடைத்தது. அழகான ஆங்கிலத்தில் அனுதாபமும் வந்தது. அதில் ஒரு எழுத்துப்பிழை கிடையாது.

சட்டம் வேண்டும் என்று சொன்னது தவறில்லை, நானா. அந்த முகவரின் குழுவில் எத்தனை பிள்ளைகள் ஏமாந்திருப்பார்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் குக்கரோடு முடிவதில்லை, பணமும் போகும், மானமும் போகும். இதை இன்னும் ஒரு மாலைப்பொழுது முழுக்க உங்களோடு வாதாடுவேன். வாதாட நீங்கள் இல்லை என்பதுதான் எனக்கு இப்போதுள்ள பெரிய மனக்குறை. எதிரே ஆள் இல்லாமல் நான் சொல்வது சரியா பிழையா என்று எனக்கே விளங்குவதில்லை. அந்த ஒரு வாரம் வந்திருக்கலாம். ஆறிப்போன தேத்தண்ணியையாவது குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

அந்தக் கூச்சல் குழுவிலிருந்து நான் இன்னும் விலகவில்லை. விலக நினைக்கும்போதெல்லாம் கொத்து ராஜா, "அங்கிள், சாப்டீங்களா?" என்று கேட்டுவிடுகிறான். சாப்பிட்டேன் என்று எழுதுகிறேன், சாப்பிடாவிட்டாலும்.

போன வாரம் நம் பக்கத்து நாலந்தாவிலிருந்து ஒரு தாய் அந்தக் குழுவில் கேட்டிருந்தார், மகனை அனுப்புகிறேன், இந்தப் பிள்ளைகளை நம்பலாமா என்று. எல்லோரும் கிண்டலை நிறுத்திவிட்டார்கள். என் பதிலுக்குக் காத்திருந்தார்களாம், ரிஸ்னா பிறகு சொன்னாள். நெடுநேரம் யோசித்து எழுதினேன்: "ஒழுங்கு கிடையாது. மரியாதை கிடையாது. உங்கள் பாத்திரங்களில் பெயர் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். ஆனால் கதவைத் தட்டுவார்கள்."

இதை உங்கள் வெற்றி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நானா. மிச்சச் சண்டை அப்படியே இருக்கிறது.