நானூறு வாட் ஆத்தா

1978 பிப்ரவரி 5, ஞாயிறு

காலை ஆறரைக்கு வழக்கமான கூட்டம். நானும் இன்னும் பதினோரு பொழுதுபோக்கு வானொலிக்காரர்களும், ஆளுக்கு ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரே அலைவரிசையில் அன்றைய வெயிலைப் பற்றிப் பேசிக்கொள்வோம். இதற்கு அரசாங்கம் பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கிறது.

சேலத்து வேலுசாமி இன்றும் அதையே சொன்னார்: "கந்தப்பண்ணா, உங்க சத்தம் கெணத்துக்குள்ள இருந்து வர்றாப்பல இருக்குதுங்." பதினோரு பேரும் சிரித்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் சிரிப்பு கேட்காதுதான். ஆனாலும் எனக்குத் தெரியும்.

அவர் செட்டு மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. என் செட்டு நானே கட்டியது. பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் எட்டு வருடம், அதற்கப்புறம் இந்த ஊரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பதினான்கு வருடம். நான் கிணற்றுக்குள்ளே இருக்கிறேனாம்.

லீனியர் கட்டப்போகிறேன். செட்டிலிருந்து வருவதை வாங்கி எட்டு மடங்காக்கி ஏரியலுக்குத் தள்ளுகிற பெட்டி. என் லைசென்ஸில் ஐம்பது வாட் என்று போட்டிருக்கிறது. போட்டிருக்கட்டும்.

பிப்ரவரி 11

செவ்வாய்ப்பேட்டை போய்ப் பழைய இரும்புக் கடையில் இரண்டு வால்வு பிடித்தேன். சண்டைக் காலத்துச் சரக்கு, பெயர் 813, ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சேந்தமங்கலம் பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் கேட்டான்: "வெளக்குச் சிம்னிங்களா?" ஆமாம் என்றேன். விளக்கினால் மட்டும் புரியவா போகிறது?

மயிலம்மாள் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "ஏனுங், இது வந்தா அந்த வெயிலப் பத்தி இன்னும் சத்தமாப் பேசுவீங்களா?"

பிப்ரவரி 19

டிரான்ஸ்பார்மர் சுற்றி முடித்தேன். கழித்துப்போட்ட வெல்டிங் செட்டின் தகடுகள், என் கைச் சுற்று. இரண்டாயிரம் வோல்ட் வருகிறது. அணைத்த பிறகும் மின்தேக்கிக்குள் பதுங்கியிருக்கும். மூங்கில் குச்சி நுனியில் செம்புக் கம்பி கட்டி, அதைத் தொட்டுத் தரையில் இறக்காமல் உள்ளே கை விடக் கூடாது. 'படீர்' என்று ஒரு நீலப் பொறி. மயிலம்மாள் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 26, ஞாயிறு

ஏறிவிட்டது! விடியலில்தான் ஓட்ட முடியும். எட்டு மணிக்கு மேல் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஓட ஆரம்பித்தால் கரண்டு இழுத்துக்கொண்டு படுத்துவிடும். வால்வைப் பத்து நிமிடம் சூடேற விட்டு, மேசை விசிறியைத் திருப்பி வைத்து, மீட்டர் முள் இறங்குகிற இடத்தைப் பிடித்து, மெல்ல மெல்ல லோடு ஏற்றினேன். நானூறு வாட். வால்வுத் தகடு லேசாகச் சிவந்தது. நானும்தான்.

வேலுசாமி: "அட, இப்பத்தான் மேல ஏறி வந்திருக்கீங். அஞ்சு-எட்டு." கேட்கிற தெளிவுக்கும் சத்தத்துக்கும் போடுகிற மார்க்கு அது; ஐந்து-ஒன்பது என்றால் அதற்கு மேல் கிடையாது. ஒன்று மட்டும் குறைத்துக் கொடுத்திருக்கிறார். வயிற்றெரிச்சல்!

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாப்பாயக்கா வேலிக்கு வந்தாள். பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வாய் உண்டு. ஆறு வருடமாக என் ஏரியல் மரத்தை இழுத்துக் கட்டிய கம்பியில் அவள் சேலை காய்கிறது. எடு என்று நானும் ஆறு வருடமாகச் சொல்கிறேன்.

"ஏனப்பா கந்தப்பா, உன்ர கம்பியத் தொட்டா சுருக்குங்குது. ஆளக் கொல்றதுக்கா கட்டி வெச்சிருக்கற?"

"தொட வேண்டாம்னுதானக்கா சொல்றேன்" என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

மார்ச் 14

மாரியம்மன் கோயில் பூச்சாட்டு, திருவிழா தொடங்கியாயிற்று. இனி இருபத்தொன்பதாம் தேதி பொங்கல் வரைக்கும் ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. மைக் செட் ராசு வந்து ஒலிபெருக்கிக் குழாய் கட்டிவிட்டுப் போனான். கோயிலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை தென்னைக்குத் தென்னை ஒயர். என் ஏரியலுக்கு அடியிலேயே இழுத்திருக்கிறான். காலை ஐந்திலிருந்து பாட்டுப் போடுவானாம். என் காதுக்கு என்ன கதி?

மார்ச் 16

என்னவென்று எழுதுவது.

ஆறு மணிக்கு லீனியரை ஏற்றி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழைத்தேன். ரேடியோக்காரன் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் "சி.க்யூ., சி.க்யூ., சி.க்யூ." என்பான். யாராவது இருக்கிறீர்களா என்று அர்த்தம். பிறகு தன் அடையாளத்தைச் சொல்வான். என்னுடையது வி.யூ.டூ. பி.பி.ஒய். எழுத்துகள் தெளிவாகக் கேட்க ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுக்க ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பி-க்குப் பாப்பா, ஒய்-க்கு யாங்கி. ஆக, "வி.யூ.டூ. பாப்பா பாப்பா யாங்கி." பதினொரு வருடமாகச் சொல்கிறேன், வாய் தன்னால் ஓடும். கால் மணி நேரம் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை.

ஏழு மணிக்கு மயிலம்மாள் கோயிலிலிருந்து ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. "ஆத்தா பேசிட்டாளாமுங்! கொழாய்ல பேசிட்டாளாம்!"

ராசு பாட்டை நிறுத்திவிட்டுத் தேங்காய் உடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். குழாய் மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது. அதிலிருந்து கரகரவென்று ஒரு குரல்: "சீக்கு... சீக்கு... சீக்கு... ஊடு... பாப்பா... பாப்பாயி." மறுபடியும். மறுபடியும். கால் மணி நேரம்.

மைக்கைக் கையில் எடுக்கவே இல்லை என்று ராசு கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தானாம். அதோடு, பாப்பாயி வீட்டில் சீக்கு என்று சொன்னது ஆத்தாதான் என்று முடிவாகிவிட்டது.

அந்த ஒயர் என் ஏரியலுக்கு அடியில் போகிறது. நானூறு வாட்டையும் குடித்துவிட்டு மைக் செட்டுக்குள் போய்க் கக்கியிருக்கிறது. எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 17

பாப்பாயி வீட்டு நிலைப்படியில் யாரோ வேப்பிலை சொருகிவிட்டார்கள். அம்மை கண்ட வீட்டுக்குச் செய்வது. அவளுக்கு ஒன்றும் இல்லை. நேற்று வரைக்கும் மூன்று படி மாவு ஆட்டியவள். கடைக்கு ஒருத்தரும் வரவில்லை. பஸ் டிரைவர்கூட இறங்காமல் ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

தர்மகர்த்தா சென்னியப்பன் மாமா தீர்ப்புச் சொன்னாராம்: பாப்பாயி ஊருக்குள் நடமாடக் கூடாது. "அப்ப என்ர தங்கச்சி ஊட்டுக்குப் போறனுங்" என்றிருக்கிறாள். பூச்சாட்டினபின் வெளியூரில் ராத் தங்கக் கூடாதே! ஆக ஊருக்குள்ளும் இருக்கக் கூடாது, வெளியேயும் போகக் கூடாது. எங்கள் ஊர் மூளைக்கு எத்தனை வாட் என்று யாராவது அளந்து சொல்லலாம்.

இன்று கம்பியில் சேலை இல்லை. கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். இங்கேயும் பொய் எழுதி யாரை ஏமாற்றுவது?

மார்ச் 18

ஒரு குண்டா இட்லியை அப்படியே மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சந்தோஷம் போய்விட்டது.

மார்ச் 20

லீனியரை அணைத்துவிட்டு, வெறும் ஐம்பது வாட்டில் பேசிப் பார்த்தேன். குழாயில் ஒரு முனகல்கூட இல்லை. அரசாங்கம் சொன்ன அளவில் இருந்திருந்தால் ஆத்தா வாயே திறந்திருக்க மாட்டாள்.

நான் சொன்னால் என்ன ஆகும்? எட்டு மடங்கு ஓட்டினேன் என்று வெளியே தெரியும். லைசென்ஸ் போகும். வேலுசாமிக்குப் பொங்கல் இப்போதே வந்துவிடும். சொல்லாவிட்டால் — திருவிழா முடிந்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள். மறப்பார்களா?

மார்ச் 21

மறக்க மாட்டார்கள். பொங்கலன்று பாப்பாயி பானை வைக்கக் கூடாது, பொங்கல் முடிந்ததும் கடையைப் பஸ் நிறுத்தத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று இன்று கோயிலில் பேசி முடித்துவிட்டார்கள். அந்தக் கடையில்தான் அவள் சோறு இருக்கிறது.

சாப்பிடும்போது மயிலம்மாள் சொன்னாள்: "அது உங்க கொரலுதானுங்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். இருவது வருசமாக் கேக்கறேன். எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அஞ்சு நாளாச்சு."

ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அய்யோ, திட்டியிருக்கலாமே!

மார்ச் 22

சென்னியப்பன் மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏரியல், ஒயர், வாட். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆத்தா வார்த்தைய உன்ர பொட்டி வார்த்தைங்கறயா? போயி உளுந்து கும்புட்டு வா" என்றார்.

"நான் காட்டறனுங் மாமா."

"என்னத்தக் காட்டுவ? ஞாயித்துக்கெழம காத்தால ஊரே கோயில்ல இருக்கும். அன்னைக்குக் காட்டு. இல்லீன்னா வாய மூடிக்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. பதினோரு பேரும் அலைவரிசையில் உட்கார்ந்திருக்கும் நேரம். வேறு அலைவரிசைக்கு நகர்ந்து பேச வழியில்லை, ஏரியல் அந்த ஒன்றுக்குத்தான் வெட்டியது. நகர்ந்தால் வால்வு வெந்துவிடும். ஊரிடம் சொன்னால் அவர்களிடமும் சொன்னதுதான்.

மார்ச் 25

பாப்பாயக்கா வேலியோரம் நின்றிருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. நானே சொல்லிவிட்டேன், அது நான்தான் என்று.

"பத்து நாளா என்ர ஒடம்பத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கறேன், கந்தப்பா. எங்க கொப்புளம் வருதுன்னு." அவ்வளவுதான் சொன்னாள். அவளும் நம்பியிருக்கிறாள். அவளும்! இந்தப் பத்து நாளும் நான் வயிறாரத் தின்றிருக்கிறேனே, நானெல்லாம் ஒரு மனுசனா?

மார்ச் 26, ஞாயிறு

ராசுவிடம் பாட்டை நிறுத்தி, மைக்கைக் கழற்றிக் கையில் தூக்கிக் காட்டச் சொன்னேன். வால்வைச் சூடேற்றினேன். முள் இறங்கும் இடம் இரண்டு தடவை தவறியது. ஆறரை. வேலுசாமி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு விட்ட இடத்தில் நுழைந்தேன்.

"சி.க்யூ., சி.க்யூ., சி.க்யூ. வி.யூ.டூ. பாப்பா பாப்பா யாங்கி. இது ஆத்தா இல்லீங். மோட்டார் கந்தப்பன் பேசறேன். அன்னைக்குப் பேசுனதும் நான்தான். சீக்குன்னு உங்களுக்குக் கேட்டது என்ர ரேடியோ பாஷை. பாப்பாயக்கா ஊட்டுல சீக்குமில்ல, ஒண்ணுமில்ல. எனக்குக் குடுத்தது அம்பது வாட். நான் ஓட்டறது நானூறு. ஊரெல்லாம் என்னையக் கேக்கோணும்னு ஆசப்பட்டேன். கேட்டுட்டீங்."

சுவிட்சை விட்டேன். பிறகு வேலுசாமி, மெதுவாக: "கந்தப்பண்ணா... அஞ்சு-ஒம்பதுங். ஒரு வார்த்த உடாமக் கேட்டுச்சு. மொதல்ல அதய அணைச்சுப்போடுங்."

அணைத்தேன். இத்தனை நாள் ஏங்கிய ஐந்து-ஒன்பது!

ராசு மூச்சிரைக்க வந்தான்: "எல்லாங் கேட்டுச்சுங்ணா!" பின்னாலேயே சென்னியப்பன் மாமா வந்தார். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தப்பு யாருடையது என்று அவர் பேசவில்லை. கோயிலுக்கு வருவதுபோலத் தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தார் என்பதைத்தான் கவனித்தேன்.

வேப்பிலையை யாரும் வந்து எடுக்கவில்லை. பாப்பாயக்காவே பிடுங்கி என் வாசலில் எறிந்தாள். கூட்டி அள்ளினேன்.

மார்ச் 29

பொங்கல். பாப்பாயக்கா பானை வைத்தாள். பொங்கியது. அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்த பானைகள் மட்டும் இரண்டடி தள்ளி இருந்தன. சீக்கு போய்விட்டதாம், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டடி.

ஏப்ரல் 3

காலையில் அவள் கடைக்குப் போய் எல்லாரும் பார்க்கும்படி பெஞ்சில் உட்கார்ந்தேன். டிரைவருக்கு வைத்தாள், கண்டக்டருக்கு வைத்தாள், எனக்கு வைக்கவில்லை. எழுந்து வந்தேன்.

ஏப்ரல் 4

போனேன். வைக்கவில்லை.

ஏப்ரல் 19

டில்லியிலிருந்து கடிதம். அனுமதித்த அளவை மீறியதற்காக ஒரு வருடம் லைசென்ஸ் நிறுத்தம், கருவியைப் பிரித்துவிட்டுத் தகவல் தெரிவிக்கவும். பதினோரு பேரில் எழுதிப் போட்டது யார்? மூன்று பேரைச் சந்தேகப்பட்டேன். பிறகு, நான் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மூங்கில் குச்சியால் தொட்டு, பொறி அடங்கியதும் பிரிக்க ஆரம்பித்தேன். டிரான்ஸ்பார்மர் கம்பி நல்ல கம்பி. யாருடைய மோட்டாருக்காவது ஆகும். ஏரியலை இறக்கினேன். கம்பிகளை அவிழ்த்தபோது சேலை காயப்போட அவளுக்கு இனி இடமில்லை என்று தோன்றி, ஒன்றை மட்டும் மரத்துக்கு மரம் தாழ்த்திக் கட்டிவிட்டு வந்தேன்.

கடைக்கும் போனேன். பதினேழாவது நாள். வைக்கவில்லை. "உங்களுக்குச் சூடு சொரணயே கெடையாதுங்களா?" என்று மயிலம்மாள் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

மே 2

போனேன். உட்கார்ந்தேன். ஏழரை பஸ் வந்து போனது. பெஞ்சு காலியான பிறகு என் முன்னால் ஓர் இலையைப் போட்டு இரண்டு இட்லி வைத்தாள்.

சட்டினி வைக்கவில்லை. நான் கேட்கவில்லை.