ஹவில்தார் ஆன செய்தி

செவ்வாய்க்கிழமை.

எல்லையில் சண்டை தொடங்கி ஆறு நாளாகிறது. இன்று காலையில் என் வீட்டுக்காரர் அங்கிருந்து போனில் ஒரே ஒரு நிமிடம் பேசினார். பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்தவரை அடுத்த பதவியான ஹவில்தார் ஆக்கிவிட்டார்களாம். எங்கே இருக்கிறார் என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

பதவி உயர்ந்தால் உள்ளே உட்காரும் வேலை கொடுப்பார்கள் என்று நம்பி, நான் வேலை செய்யும் பட்டுக்கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். வாசல் செக்யூரிட்டி தாமஸ் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர். அவர் மட்டும் லட்டைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஹவில்தார்னா என்ன வேலைண்ணா?"

"பத்து பேர் அவரு பொறுப்பும்மா. சண்டைல அவங்களக் கூட்டிக்கினு போவணும்."

"பின்னாடி நின்னு சொல்ல மாட்டாங்களா?"

"அது கர்னல் மாதிரி மேல இருக்கறவங்கம்மா. இவரு எழுந்து ஓடினாதான் அந்தப் பசங்க ஓடுவாங்க."

அதற்குள் கல்யாணப் புடவை எடுக்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். சாயங்காலம் வரை புடவைகளை விரித்துக் காட்டினேன். என்ன பேசினேன் என்றே நினைவில்லை.

ஐயம்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார். "பெரிய வேலையாமா?"

"ஆமா அத்தை" என்றேன்.

'நீங்க முன்னாடி போவாதீங்க' என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் எழுதினேன். அவர் போகாவிட்டால் அந்தப் பத்துப் பேரில் ஒருவன் போவான். அவனுக்காகவும் ஒரு வீட்டில் யாரோ விழித்திருப்பார்கள். அது தெரிந்தும் அனுப்பினேன்.

இன்னும் ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது.