பலகையில் ஒன்பது

ஜூன் 3, செவ்வாய் இரவு

அன்புள்ள சித்திக்கு,

இதை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அம்மாவிடம். படித்ததும் கிழித்துவிடுங்கள். போனில் சொல்லலாமென்றால், இரவில் என் போன் அப்பாவின் மேசையில்தான் தூங்குகிறது.

நீங்கள் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் கம்பெனியில் சேரப்போவதாக அம்மா சொன்னாள். சேராதீர்கள்.

வீட்டுக்குக் கீழே ஆபீஸ் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. கையிருப்புப் பணம் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று திங்கள்தோறும் அதில் ஒரே ஒரு எண் எழுதவேண்டும். "நமக்குள்ள ஒளிவுமறைவு கிடையாது" என்று ஆரம்பித்த நாளிலேயே அப்பா வைத்த வழக்கம். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று அந்த வேலை எனக்கு. போன மாதம் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கணக்கு பார்க்கும் அக்கா அப்பாவிடம் பேசியது காதில் விழுந்தது.

"சார், மூணு மாசத்துக்கு மேல தாங்காது. உங்களுக்குன்னு அந்தக் கண்ணாடி ரூம் கட்டுற செலவு வேணாம்னு அப்பவே சொன்னேன்."

"பசங்க பயந்துட்டா வேலை ஓடாதும்மா. ஒன்பதுன்னே இருக்கட்டும். வாலு, நீ எழுது."

எழுதினேன். மறுவாரத்திலிருந்து அந்த அக்கா வரவில்லை. நேற்றும் ஒன்பதுதான் எழுதினேன். அதை நம்பி, கம்பெனியின் மொபைல் ஆப் எழுதும் அண்ணன் தவணையில் பைக் வாங்கிவிட்டார். எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். பிரிக்காமல் பென்சில் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

பதிலை என் தோழி வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள்.

உங்கள் வாலு

ஜூன் 7

அன்பு வாலு,

கிழிக்க மனம் வரவில்லை. பூட்டி வைத்திருக்கிறேன்.

நேற்றுதான் அத்தானிடம் பேசினேன். "ஒன்பது மாசத்துக்குக் கவலையே இல்ல, வந்து சேரு" என்று சிரித்தார். ராஜினாமா கொடுத்தாயிற்று. இருபதாம் தேதிக்குள் திரும்ப வாங்கலாம். ஆனால் உன் காதில் விழுந்ததை மட்டும் வைத்து எப்படி முடிவெடுப்பது? அவர் வாயால் வரவேண்டும். நான் துருவிக் கேட்டால் நீ மாட்டிக்கொள்வாய்.

ஒழுங்காகச் சாப்பிடு. நகம் கடிக்காதே.

சித்தி

ஜூன் 11, புதன் இரவு

அன்புள்ள சித்திக்கு,

நான் ஒன்று செய்துவிட்டேன். எல்லோரும் படுத்தபின் கீழே போய், ஒன்பதை அழித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன். காலையில் எல்லோரும் பார்ப்பார்கள். பைக் அண்ணனும்தான்.

வந்து படுத்ததும் பயம் வந்துவிட்டது. பழையபடி ஒன்பதாக்கிவிடலாமென்று மறுபடி இறங்கினேன். கண்ணாடி அறையில் விளக்கு எரிந்தது. அப்பா பலகையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஓடி வந்துவிட்டேன். மார்க்கர் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

படியில் செருப்புச் சத்தம். மெதுவாக வருகிறது.

கதவைத் தட்டுகிறார்.

"லைட் தெரியுது, வாலு."

திட்டுகிற குரல் இல்லை, சித்தி. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

"ரெண்டு இல்லம்மா. ஒண்ணரை. மார்க்கரை எடுத்துட்டு வா."

சித்தி, அந்த ராஜினாமாவை உடனே