புகை வராத நாள்

சங்கரன்கோவில்,
22-8-84.

அன்பு மைதீனுக்கு, தில்லைநாயகம் எழுதுவது. ஷார்ஜாவில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை கடையநல்லூரில் உன் வீட்டுக்குப் போய்வந்தேன். மெஹர்பானு தங்கச்சி நலம். உன் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். என் முகம் சரியில்லையே என்று தங்கச்சி இரண்டு தடவை கேட்டது. வெயில் என்று சொல்லிவிட்டேன்.

நம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக் காளவாய் விஷயம்தான். ஒவ்வொரு ஆடித்தபசுத் திருவிழா லீவுக்கும் அதை அணைத்து மறுநாள் மூட்டுவதில் எவ்வளவு நிலக்கரி வீண், ஊருக்கு எவ்வளவு கரும்புகை என்று நீயும் நானும் உட்கார்ந்து திட்டம் எழுதினோமே, அதை இந்த வருஷம் செய்தோம். அணைக்காமல், புகைபோக்கியை மூடி, சூட்டை உள்ளேயே நிறுத்தினோம். வெளியே துளிப் புகை இல்லை. மேனேஜர் என் தோளில் தட்டினார். நானும் பெரிதாகச் சாதித்தவன் மாதிரி தபசு பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

மருதப்பனை உனக்குத் தெரியும். நெருப்பில்லாத ஒரே நாள் என்று வருஷா வருஷம் தபசன்றைக்குத்தான் காளவாயின் அடிக்குழியில் இறங்கிச் சாம்பல் அள்ளுவான். இந்த வருஷமும் இறங்கியிருக்கிறான். "பொகையே இல்ல, வெரசா அள்ளிப்போட்டுட்டு அம்மனப் பாக்கப் போயிருதேன்" என்று வாட்ச்மேனிடம் சொன்னானாம். மேலே போக வழியில்லாத விஷவாயு குழியில் இறங்கி நின்றிருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தூக்கியபோது கையில் மண்வெட்டி அப்படியே இருந்தது.

காளவாயை அணைக்கவில்லை என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டித்தான் இருந்தேன், இங்கிலீஷில். மேனேஜர் படித்து மெச்ச வேண்டுமே. மருதப்பன் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடிக்குழிக்குப் பூட்டுப் போட வேண்டும், ஒவ்வொரு ஆளிடமும் நேரில் சொல்ல வேண்டும் என்று நீ திட்டத்தின் கடைசியில் எழுதியிருந்தாய். ஆபத்து என்று தெரிந்தால் மேனேஜர் திட்டத்தையே தள்ளிவிடுவாரோ என்று, நகல் எடுக்கும்போது அதை நான் விட்டுவிட்டேன். உன்னிடமும் மறைத்தேன்.

இப்போது மருதப்பன் சொல் கேளாமல் இறங்கினான் என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். போட்டேன் மைதீன். என் பிள்ளைகளை நினைத்துப் போட்டுவிட்டேன். அதனால் அவன் பெண்டாட்டி பேச்சித்தாய்க்கு நஷ்டஈடு ஒன்றும் கிடையாதாம். காயப்போட்ட துணியில் கரி படிகிறது என்று ஆபீஸ் வாசலில் வந்து நம்மோடு சண்டை போடுவாளே, அவளேதான். இப்போது என்னைக் கண்டால் ஒதுங்கி நின்று கும்பிடுகிறாள். நல்லவன் என்று நினைத்திருக்கிறாள். தாங்க முடியவில்லை.

திட்டத்தை நீ கைப்பட எழுதிய முதல் பிரதியை, வேலைக்குக் காட்டலாம் என்று பெட்டியில் வைத்துக்கொண்டு போனாய். அதை அனுப்பு. என் பெயருக்கு வேண்டாம். என் கைக்கு வந்தால் அன்றைக்கே காளவாயில் போட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரிந்துபோயிற்று. பேச்சித்தாய் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பு. இந்தக் கடிதத்தையும் அதோடு வை.

உன் மகள் கீழே விழாமல் நடக்கட்டும். நான் மனசு மாறி, அனுப்பாதே என்று இன்னொரு கடிதம் போட்டாலும் போடுவேன். அதை மட்டும் பிரிக்காதே.

உன்,
தில்லைநாயகம்.