மிளகாய்க் காம்பராவில் ஈக்கள்

10 ஓகஸ்ட் 1977, புதன்

இன்று முப்பத்தொரு ஈ. கந்தோரில் பதினேழு, வீட்டில் பதினான்கு. கந்தோர் ஈயை அடிப்பது அரசாங்க சேவை. வீட்டு ஈயை அடிப்பது இல்லற தர்மம்.

கலேவெலயில் மழையைக் கண்டு இரண்டு மாதம். சந்தைக்குப் பின்னால் அழுகிக் கிடக்கும் பூசணியில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பத்து மணிக்கெல்லாம் ஈக்கள் எங்கள் நீர்ப்பாசனக் கந்தோருக்கு வந்துவிடுகின்றன. இலிகிதர்மாரைவிட நேரம் தவறாதவை. எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கராம்பு குத்தி வைத்தேன். ஈ அதன்மேல் உட்கார்ந்து முகம் கழுவியது. சீனிப்பாணி தடவிய தாளைத் தொங்கவிட்டேன். பெரிய இலிகிதரின் மிச்சத் தலைமயிரில் பாதி அதில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் பழைய செருப்பின் அடியை வெட்டிப் பிரம்பில் கட்டி ஒரு மட்டை செய்திருக்கிறேன். அடித்தால் பட்டாசுச் சத்தம்.

"நாற்பத்தெட்டு வயசிலை உங்களுக்கு ஏற்ற உத்தியோகம் கிடைச்சிட்டுது" என்றாள் மங்கை. இருபது வருடமாக மனைவி. இன்னும் பாராட்டிக்கொண்டிருக்கிறாள்.

16 ஓகஸ்ட், செவ்வாய்

பிறை கண்டாயிற்று, நாளை நோன்பு. இரண்டு வளவு தள்ளியிருக்கும் மிளகாய் வியாபாரி ஸெய்னுலாப்தீன் நானா இனி மாதம் முழுக்க எங்களுக்கு நோன்புக் கஞ்சி அனுப்புவார். அவர் மனைவி றாபியாவின் கஞ்சிக்காகவே நான் மதம் மாறலாம், மங்கை விடமாட்டாள்.

அவர்களுக்கு அடுத்த வளவு நோனா வேலியடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். அறுபது வயது, முஸ்லிம் விதவை, ஓர் ஆடு, ஒரு வாய். இந்த ஊரில் வம்பில் எனக்குப் போட்டி அவள் ஒருத்திதான். தபால்காரரின் இரண்டாம் கல்யாணத்தை நான் சொன்னேன். மூன்றாவதை அவள் சொன்னாள். தோற்றுப்போய் வீடு வந்தேன்.

19 ஓகஸ்ட், வெள்ளி

வடக்கில் ஏதோ பிரச்சினையாம். அநுராதபுரத்தில் தமிழர் வீடுகள் எரிகின்றனவாம். இங்கேயும் சந்தையில் இரண்டு தமிழ்க் கடைகள் பூட்டு. கந்தோரில் நான் ஒரு பகிடி விட்டேன், ஒருவரும் சிரிக்கவில்லை. பகிடி மோசமில்லை.

இன்று ஈ அடிக்கவில்லை.

20 ஓகஸ்ட், சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் சந்திக்கு அப்பால் புகை. எங்கள் கந்தோர் மேற்பார்வையாளர் கணபதியின் வீடு. அவர்கள் தப்பினார்களா தெரியாது. பின்வேலியால் ஸெய்னுலாப்தீன் நானா வந்தார். "கிளாக்கர் ஐயா, பாங்கு சொல்ற நேரம் ரோட்டுல ஒரு குஞ்சும் இரிக்காது. எல்லாரும் கஞ்சிக் கோப்பைக்கு முன்னுக்குத்தான் இரிப்பாங்க. அந்த நேரம் வாங்க" என்றார்.

பொழுதுபட்டுப் பாங்கு கேட்டது. ஓடினோம். உண்மையிலேயே தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஊரெல்லாம் நோன்பு திறக்க, நாங்கள் அவர் வளவின் பின்பக்கம் மிளகாய் மூட்டை அடுக்கும் காம்பராவுக்குள் புகுந்தோம். மூச்சு வந்த பிறகுதான் மங்கை என் கைகளைப் பார்த்தாள். ஒன்றில் இந்த டயரி. மற்றதில் ஈ மட்டை.

"காணி உறுதி அங்கை. பிள்ளையாற்றை படம் அங்கை. ஈ மட்டை இஞ்சை."

அவள் மருந்துப் பையை எடுத்திருந்தாள். அவளுக்குச் சீனி வருத்தம். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் தலை சுற்றி விழுவாள்.

21 ஓகஸ்ட், ஞாயிறு

காம்பரா: நீளம் எட்டடி. ஒரு ஜன்னல், பலகை போட்டது, கீழே ஓர் அங்குல நீக்கல். நீக்கலுக்கு அப்பால் நோனாவின் கிணறு.

சட்டங்கள்: பேசக்கூடாது. இருமக்கூடாது. தும்மக்கூடாது. நாற்பது மூட்டை காய்ந்த மிளகாய்க்கு நடுவில் தும்மக்கூடாது என்பதை யார் கண்டுபிடித்தார்களோ.

ஒரு நன்மை. மிளகாய்க்குப் பயந்து இங்கே ஒரு ஈயும் இல்லை.

22 ஓகஸ்ட், திங்கள்

றாபியா விடியமுன் சமைக்கும்போதே மங்கைக்கு மத்தியானச் சோற்றையும் மூடி வைத்துவிடுகிறார். பகலில் கதவு திறந்தால் நோனாவின் கண்ணில் படும். எனக்கும் ஒரு கோப்பை போட வந்தார். நோன்பு பிடித்து உதடு காய்ந்த மனுசி. எனக்குப் பெருந்தன்மை பொங்கிவிட்டது. "வேண்டாம், நானும் உங்களோடை நோன்பு" என்றேன்.

றாபியாவின் கண் கலங்கியது. மங்கையின் கண் கலங்கவில்லை. அவளுக்கு என்னைத் தெரியும்.

மத்தியானம் ஒன்றரை: கூரை வளையில் ஒரு கதலி வாழைக்குலை தொங்குகிறது. பழுக்கிறது. வாசம்.

ஒன்றே முக்கால்: நான்கு.

தோலை என்ன செய்வது? நோன்பாளி வேறு. மூட்டைகளுக்குப் பின்னால் செருகினேன்.

24 ஓகஸ்ட், புதன்

நேற்று ஐந்து பழம். இன்று ஆறு. தோலெல்லாம் மூட்டைக்குப் பின்னால்.

பகல் முழுக்க இருட்டு. தெருவில் லொறிச் சத்தம் வரும், நிற்கும், போகும். நிற்கும் நேரத்தில் மங்கை என் கையைப் பிடிப்பாள். போனதும் விட்டுவிடுவாள். இருபது வருடத்தில் இவ்வளவு தரம் பிடித்ததில்லை.

25 ஓகஸ்ட், வியாழன்

ஒரு ஈ.

மிளகாய்க்குப் பயப்படாத ஈ.

26 ஓகஸ்ட், வெள்ளி

பத்து மணிக்கு இருபது. மத்தியானம் எண்ண முடியவில்லை. நீக்கலால் வரிசையில் வருகின்றன. வெளியே பலகையிலும் மொய்க்கின்றன, உள்ளே இருந்தே அந்த இரைச்சல் கேட்கிறது.

என் மட்டை சுவரில் சாய்ந்திருக்கிறது. அடித்தால் சத்தம். துணியால் வீசிப் பார்த்தேன். மிளகாய்த் தூள் கிளம்பி, தும்மலை அடக்கி அடக்கிக் கண் பிதுங்கியது. மங்கையின் பையில் கற்பூரம் இருக்கிறது. கொளுத்தினால் ஈ போகும். வாசம் வெளியே போனால், கூடவே நாங்களும் போவோம்.

தோலை வெளியே கொடுத்துவிடலாம். எப்படி? "நோன்பாளியின் தோல்" என்றா? தலைப்பாகை அளவு ஒரு பொட்டலம் கட்டிச் சாரத்துக்குள் வைத்திருக்கிறேன். ஈக்கள் என்னிலேயே இருக்கின்றன. மங்கை என்னைப் பார்க்கிற பார்வையை எழுதமாட்டேன்.

27 ஓகஸ்ட், சனி

கிணற்றடியில் நோனா, இன்னொரு பெண்ணிடம். நீக்கலால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"மொளகாக் காம்பராவுக்கு ஈ என்னத்துக்குடி வருது? அதுவும் பகல்ல, நோன்பு மாசத்துல? அவரு பின்னுக்குப் போய்த்து ஒளிச்சுத் திங்கிறாரு. பெரிய தாடி, பெரிய தொப்பி."

எனக்கு முதலில் வந்தது பொறாமை. எவ்வளவு அழகாகக் கோர்த்துவிட்டாள்! பிறகுதான் அது நானாவைப் பற்றிய பேச்சு என்று உறைத்தது.

28 ஓகஸ்ட், ஞாயிறு

ஊரெல்லாம் பரவிவிட்டது. பள்ளிவாசலுக்கு வருடாவருடம் ஒரு நாள் கஞ்சி ஸெய்னுலாப்தீன் நானாவின் பொறுப்பு. இந்த வருடம் வேண்டாமென்று பள்ளித் தலைவர் மக்கீன் ஹாஜியார் கூப்பிட்டுச் சொன்னாராம். சின்ன ஆட்கள்கூட சலாம் சொல்வதில்லையாம். றாபியா அழுதுகொண்டு மங்கையிடம் சொன்னார். நானா மறுத்து ஒரு சொல் பேசவில்லையாம். எப்படிப் பேசுவார்? அப்போ யார் தின்றது என்று கேட்பார்களே.

நோன்பு பிடிக்கிறவனுக்குத் திருட்டுத் தீனிக்காரன் என்று பெயர். திருட்டுத் தீனிக்காரன் இங்கே நோன்பாளி.

மாலை அவர் வந்தபோது பொட்டலத்தை முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்குப் பாங்கு நேரத்தில் நாங்கள் போய்விடுகிறோம், பொலிஸுக்கு நடந்தே போவோம் என்றும் சொன்னேன்.

அவர் பொட்டலத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வாழக்கொலை கொறையிறது தெரியும் ஐயா. றாபியா ஒங்களுக்கெண்டுதான் தொங்கவிட்ட. நேரா தந்தா திங்க மாட்டீங்கெண்டு."

"ஊர் கதைக்குதே நானா."

"நோன்பு எனக்கும் அல்லாஹ்வுக்கும் எடையில. நோனாவுக்கு அதுல எடமில்ல. நீங்க சந்தி தாண்ட ஏலா. பேசாம இரிங்க."

பொட்டலத்தை எடுத்துப் போனார். ஆனால் ஈக்கள் இடம் பழகிவிட்டன. போகவில்லை.

29 ஓகஸ்ட், திங்கள்

ஒரு பழமும் தொடவில்லை. மங்கை சாப்பிட்ட கோப்பையை என் சாரத்தால் மினுங்கத் துடைத்தேன். இன்று நான் நிஜ நோன்பு. சொன்னால் நம்ப ஆளில்லை.

மத்தியானம் ஒரு ஈ நீக்கலில். அதைப் பிடிக்கக் குனிந்தேன். நீக்கலுக்கு அந்தப் பக்கம் ஒரு கண்.

நோனாவின் கண். என் கண்ணைப் பார்த்தது. இமைக்கவில்லை. பிறகு போய்விட்டது.

ஐயோ, முடிஞ்சுது. இப்படி ஒரு செய்தி எனக்குக் கிடைத்தால் நான் பொறுப்பேனா? பின்னேரத்துக்குள் கலேவெல முழுக்கச் சொல்லி முடித்து நாலந்தா பஸ்ஸிலும் ஏற்றிவிட்டிருப்பேன். எத்தனை பேருடைய கதையை எத்தனை வேலியடியில் வைத்து — ஒரு நாளாவது யோசித்தேனா?

மங்கை மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும்.

30 ஓகஸ்ட், செவ்வாய்

இருட்டில் எழுதுகிறேன், எழுத்து எனக்கே விளங்காது.

பத்து மணி போல லொறி நின்றது. ஆட்கள் நோனாவின் வளவுக்குள்ளால் வந்தார்கள், ஐந்தாறு பேர். ஒருவன் எங்கள் ஜன்னலைக் காட்டி, அங்கே ஏன் இவ்வளவு ஈ என்று சிங்களத்தில் கேட்டான். தடியால் பலகையைத் தட்டினான். மங்கை என் கையைப் பிடித்தாள்.

வாளி கிணற்றில் விழுகிற சத்தம். பிறகு நோனா, அவளும் சிங்களத்தில், ஊருக்கே கேட்க. எலி செத்து நாலு நாள், பெருச்சாளி, பூனைக்குட்டியளவு, மூட்டைக்கு அடியில் புழுத்துக் கிடக்கிறது, இந்த மனுசன் நோன்பென்று சாட்டுச் சொல்லி அள்ளிப் போடுகிறானில்லை, எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, தம்பிமாரே நல்ல நேரத்தில் வந்தீர்கள், கதவு அந்தப் பக்கம், இந்தாருங்கள் மண்வெட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து அள்ளிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மண்வெட்டி நிலத்தில் விழுகிற சத்தம். ஒருவன் காறித் துப்பினான். லொறி போய்விட்டது.

நீக்கலில் மெதுவாக ஒரு குரல்:

"எலி ஐயா. தோல் இருந்தா இங்கால தாங்க. என்ட ஆட்டுக்குப் போடலாம். வச்சிக்கிட்டு ஈ வளக்கிறீங்க."

1 செப்டெம்பர், வியாழன்

எலிச் செய்தியும் ஊரெல்லாம் பரவிவிட்டது. முதல் செய்தியைவிட வேகம். நோனா தன் வாயாலேயே பள்ளி வாசலில் போய், "நான்தான் தெரியாமச் சொல்லிட்டேன், அது எலி" என்றாளாம். இருபத்தேழாம் நோன்பன்றைய கஞ்சிப் பொறுப்பு திரும்ப நானாவுக்கே கிடைத்தது. மக்கீன் ஹாஜியார் வெட்கப்பட்டு ஒரு பூனையை அனுப்பியிருக்கிறார். அது மங்கையின் மடியில் படுத்திருக்கிறது.

மங்கை சாப்பிட்டதும் மிச்சமெல்லாம் நீக்கலால் போகிறது. அந்தப் பக்கம் ஆடு மெல்லுகிற சத்தம். பழைய குலையின் மிச்சமும் பழுத்து உதிர்ந்து ஆட்டுக்கே போயிற்று. றாபியா இன்னொன்று தொங்கவிட்டார்; தொட மனம் வரவில்லை. நோன்பு எனக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது.

இன்று ஈ: மூன்று.

3 செப்டெம்பர், சனி

ஈ இல்லை. நாளை காலை பொலிஸ் லொறி வருமாம், எங்களை மாத்தளை அகதி முகாமுக்கு ஏற்றிப்போக. எங்கள் குவாட்டர்ஸில் கதவு, ஜன்னல்கூட இல்லையென்று நானா சொன்னார். மட்டையை இங்கேயே விட்டுப் போகிறேன். நோனாவிடம் சொல்லிக்கொள்ள முடியாது, ஊரைப் பொறுத்தவரை அவள் என்னைக் காணவேயில்லை என்பதுதான் கணக்கு. மங்கை தின்ற பழத்தின் தோலைக் கடைசியாக நீக்கலால் நீட்டினேன். வாங்கிய கை என் விரலை ஒரு நொடி பிடித்துவிட்டு விட்டது.

16 ஓகஸ்ட் 1978, புதன்

வவுனியா. இங்கே மாற்றம் கிடைத்து ஏழு மாதம். வெயில் கலேவெலயை விட மோசம்.

ஸெய்னுலாப்தீன் நானாவின் கடிதம். நோன்பு தொடங்கிவிட்டதாம். மிளகாய் விலை இறக்கமாம். காம்பராவில் வேலை செய்யும் ஆட்கள் மூட்டைக்குப் பின்னால் ஒரு செருப்பு மட்டையைக் கண்டு, எதற்கென்று கேட்டார்களாம். கடைசி வரியில்: "நோனாட ஆடு மெலிஞ்சு போய்த்தெண்டு ஒங்களுக்கு எழுதச் சொன்ன."

வாசித்துக் காட்டினேன். மங்கை சிரித்தாள், பிறகு எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். நான் ஒரு கதலிப்பழம் உரித்தேன்.

"இந்த வெக்கைக்கை ஒருக்கால் ஜன்னலைத் திறவுங்கோவன்" என்றாள் உள்ளேயிருந்து.

"ஈ வரும்."

"ஏழு மாசமாய்ச் சொல்லுறியள். இஞ்சை எங்கை ஈ?"

தோலைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலடியில் நின்றேன். வெளியே சைக்கிள் மணி, யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். கொளுக்கியைக் கழற்றினேன்.

ஓர் அங்குலம் திறந்தேன்.