பேங்கில் கிடந்த எண்பத்தாறாயிரம் வெள்ளி

குவீன்ஸ்டவுன்
நவம்பர் 11, செவ்வாய்

அன்பு மகள் ஷாரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் துணையால் நீ அடிலெய்டில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், டியூட்டி டியூட்டி என்று ஓடாமல் வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நலம். மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லாமல் எதற்குப் பேப்பரும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் என்றால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவர் இல்லாவிட்டால் நான் அழுதுவிடுவேன். தேக்காவில் சாப்பாட்டுக் கடை போட அப்பா கேட்டார் என்று நீ போன மாதம் அனுப்பினாயே இருபதாயிரம் வெள்ளி, அது உன்னிடம் திரும்பி வரப்போகிறது. ஏன் என்று நீ என் வாயால் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ போன பிறகு நம் கேட்டரிங் நன்றாகவே ஓடியது. புக்கிட் மேராவில் அதே ஒற்றைச் சமையல்கூடம்தான், ஆனால் கல்யாணம், ஞானஸ்நானம், ஆபீஸ் விருந்து என்று வாரத்துக்கு ஐந்தாறு ஆர்டர். சின்னத்தம்பி அண்ணன் இன்னும் தலைமைச் சமையல், அவர் முட்டி வலிதான் கூடிவிட்டது. அப்பா தினமும் காலையில் போனில் பேங்க் கணக்கைத் திறந்து பார்ப்பார், தொகையைச் சத்தமாக வாசிப்பார், முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எழுபதாயிரம், எண்பதாயிரம் என்று ஏறிக்கொண்டே போனதும் தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடையைப் பார்த்துவிட்டார். மாதம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு வாடகை, மூன்று வருட ஒப்பந்தம், மூன்று மாத வாடகை முன்பணம். இடத்தைப் பிடித்து வைக்க மூவாயிரம் கொடுத்தும் விட்டார். எனக்குத் தெரியாமல் இல்லை, எனக்கும் ஆசைதான். வாசலில் எந்த மாதா படம் வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

இதற்கு நடுவில்தான் நான் சனிக்கிழமை மதியம் கணக்கு வகுப்பில் சேர்ந்தேன், உனக்குச் சொன்னேனே. படிப்புக்கென்று அரசாங்கம் கொடுத்த என் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் காசு சும்மா கிடந்தது, கடை வந்தால் பில் எழுத உதவும் என்று போனேன். என்னைத் தவிர எல்லாம் இருபது வயசுப் பிள்ளைகள். டீச்சர் பெயர் ஜரீனா, உன்னைவிட நான்கைந்து வயசு கூட இருக்கும். இங்கிலீஷில்தான் நடத்துவாள், எனக்குப் புரியவில்லை என்றால் இடைவேளையில் தமிழில் சொல்வாள். நான்காவது வாரம் அவள் போர்டில் ஒரு கேள்வி எழுதினாள். ஒரு போட்டோக்காரர் ஜனவரி கல்யாணத்துக்கு நவம்பரிலேயே அட்வான்ஸ் வாங்குகிறார், அது வருமானமா? எல்லாரோடும் சேர்ந்து நானும் ஆமாம் என்றேன். அவள், இல்லை, வேலையை முடிக்கும்வரை அது கடன், கல்யாணம் நின்றுபோனால் திருப்பிக் கொடுக்கவேண்டிய காசு என்றாள். ஷாரு, நம் அப்பா தினமும் வாசிக்கிற அந்தத் தொகை என்ன காசு என்று அந்த நாற்காலியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் பூசை முடிந்து அப்பா டெலிவரிக்குப் போனதும் ஆர்டர் டைரியை எடுத்து உட்கார்ந்தேன். பேங்கில் எண்பத்தாறாயிரத்து நானூறு. அதில் உன் இருபதாயிரத்தைத் தள்ளினால் அறுபத்தாறாயிரத்து நானூறு. இன்னும் நாம் சமைக்கவே சமைக்காத விருந்துகளுக்கு வாங்கி வைத்த அட்வான்ஸ் மட்டும் ஐம்பத்தெட்டாயிரம். கோழிக்காரருக்கும் அரிசிக்காரருக்கும் கொடுக்கவேண்டிய பாக்கி பதினேழாயிரம். மூன்று தடவை கூட்டினேன். நம்முடையது என்று ஒரு காசு இல்லை, அதற்கும் மேல் எட்டாயிரத்து அறுநூறு குறைந்தது. எங்கே போயிற்று என்று பார்த்தால், நாலு வருஷத்துக்கு முன் வாங்கின குளிர்அறை, அதன் ரிப்பேர், விலை ஏறிய எண்ணெய், போட்டிக்காகக் குறைத்துக் கொடுத்த தட்டு விலை. புது அட்வான்ஸ் வர வர, பழைய ஓட்டையெல்லாம் வெளியே தெரியாமல் மூடிக்கொண்டே வந்திருக்கிறது. பிறகு கடை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். நம் கம்பெனி பிரைவேட் லிமிடெட்தானே, ஏதாவது ஆனால் கடன் கம்பெனியோடு போய்விடும் என்று அப்பா சொல்வார். ஆனால் பதினோராம் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் தனிப்பட்ட ஜாமீன் என்று இருந்தது. கம்பெனி வாடகை கட்டவில்லை என்றால் எங்கள் சேமிப்பில் கை வைப்பார்கள்.

திங்கட்கிழமை வேனில் போகும்போது சொன்னேன். அப்பா முதலில் சிரித்தார். அப்புறம், “நாலு கிளாஸ் போயிட்டு வந்து எனக்குக் கணக்கு சொல்லித் தர்றியா? பேங்க்ல காசு இருக்கு லா, கண்ணால பாக்குறேன்” என்றார். அது கல்யாண வீட்டுக்காரங்க காசுங்க என்றேன். “எல்லா கேட்டரரும் அப்படித்தான் பண்றான்” என்று ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை கணக்கு எழுதிய காகிதத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன் மேலேயே ரசக் கிண்ணத்தை வைத்தார்.

புதன்கிழமை மூன்று மணிக்குக் கையெழுத்து. கம்பெனியில் நானும் டைரக்டர் என்பதால் நானும் போகவேண்டும். பரமசிவம் என்று ஏஜெண்ட், நல்ல மனிதர்தான், எங்களுக்கு டீ வாங்கி வைத்திருந்தார். அப்பா நீ கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டிருந்தார். மளமளவென்று எல்லாப் பக்கத்திலும் போட்டுவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. பரமசிவம், “அக்கா, இந்தத் தெருவுல இடம் கிடைக்கிறது ரொம்ப கஷ்டம், இன்னும் ரெண்டு பார்ட்டி வெயிட் பண்றாங்க” என்றார். நான் அப்பாவைப் பார்த்து, நான் போட மாட்டேங்க, மன்னிச்சிடுங்க என்றேன். இருபத்தேழு வருஷத்தில் வெளி ஆள் முன்னால் நான் அவரை மறுத்துப் பேசியதே இல்லை. அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேனாவை எடுத்து மூடி, சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் வெளியே வந்தபோது வேன் இல்லை. எம்ஆர்டி ரயிலில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம், என் கணக்கு தப்பாக இருந்தால் என்ன செய்வேன் என்ற ஒரே நினைப்புத்தான்.

பத்து நாள் பேசவில்லை. ஒரே சமையல்கூடத்தில், இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, “சின்னத்தம்பி, பிரியாணிக்கு நேரமாச்சுன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க” என்பார். வெள்ளிக்கிழமையே கடை வேறு ஆளுக்குப் போய்விட்டது, மூவாயிரம் திரும்பாது என்று பரமசிவம் மெசேஜ் அனுப்பினார். அதை அப்பா என் முன்னால் சத்தமாக வாசித்தார், பேங்க் தொகையை வாசிப்பதுபோலவே. அந்த நாட்களில்தான் நீ போன் பண்ணி இரண்டு பேரும் ஏன் ஒருமாதிரி பேசுறீங்க என்று கேட்டாய். வேலை அசதி என்று பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்.

போன சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல், வகுப்புக்குப் போகவில்லை. அப்பா மதியம் எங்கேயோ கிளம்பினார், ஆர்டர் டைரியும் என் காகிதமும் மேசையில் இல்லை. ஐந்து மணிக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல், “உன் கணக்கு தப்பு” என்றார். நேரே ஜரீனாவிடம் போயிருக்கிறார், ஷாரு, என் மனைவி சொல்வது தப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு வர. அந்தப் பெண் வகுப்பு முடிந்தும் ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஆர்டராகப் பார்த்திருக்கிறாள். டிசம்பர் கல்யாணம் ஒன்றை அப்பா டைரியில் பெண் வீட்டுப் பெயரில் ஒரு பக்கமும் மாப்பிள்ளை வீட்டுப் பெயரில் ஒரு பக்கமும் எழுதியிருந்தார், அதை நான் இரண்டு தடவை கூட்டிவிட்டேன். “நாலாயிரம் தப்பு” என்றார். சொல்லிவிட்டு அப்படியே என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, “மத்ததெல்லாம் சரி, பிரிஜட்” என்றார். ஜரீனா அவரிடம், அங்கிள், இதில் எவ்வளவு உங்கள் காசு என்று கேட்டாளாம். “கல்யாணப் பொண்ணுங்க காசுல கடை தொறக்கப் பாத்துட்டேன்டி” என்றார். அவர் அழுது நீ பார்த்ததில்லை, நானும் உன் தாத்தா அடக்கத்தில் ஒரு தடவை பார்த்ததுதான்.

இன்னும் எதுவும் தீரவில்லை, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நாலாயிரத்து அறுநூறு குறைவோடுதான் நிற்கிறோம். ஜனவரி முடியும்வரை ஒப்புக்கொண்ட ஒவ்வொரு விருந்தையும் குறையில்லாமல் சமைத்து மீதிப் பணத்தை வாங்கினால்தான் மூச்சு விட முடியும். ஒரு கல்யாணம் நின்றாலும் கஷ்டம். தூக்கம் வருவதில்லை. அட்வான்ஸுக்குத் தனிக் கணக்கு நேற்றுத் திறந்தோம். தட்டுக்கு ஒரு வெள்ளி ஐம்பது காசு ஏற்றியிருக்கிறோம், இரண்டு பேர் ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், போகட்டும். மூவாயிரத்தை எதில் எழுதுவது என்று கேட்டேன், வாடகை என்று எழுதவா என்று. நஷ்டம்னே எழுது, என் பேரைப் போட்டு எழுது என்றார். பேர் போடவில்லை, நஷ்டம் என்று மட்டும் எழுதினேன்.

நீயும் அங்கே சம்பளம் வந்த அன்றைக்கு இருக்கிற தொகையைப் பார்த்து ஏமாறாதே கண்ணு, வாடகை, வரி எல்லாம் போக மிஞ்சுவதுதான் உன்னுடையது. வெயிலில் தொப்பி போடு. அபிகேலின் குழந்தைக்கு நீ வாங்கிய உடுப்பை அனுப்ப மறக்காதே, ஞானஸ்நானம் டிசம்பர் ஏழு. இயேசு உன்னைக் கையில் ஏந்திக் காக்கட்டும், போகிற வழி வருகிற வழி எல்லாம் மாதா துணை நிற்கட்டும். ஒன்றே ஒன்று. இந்த வாரம் அப்பா உனக்குப் போன் பண்ணுவார், பணத்தைத் திருப்பி அனுப்புவதைப் பற்றிச் சொல்வார், எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ இப்போதுதான் முதல் தடவை கேட்பதுபோலக் கேள். பரவாயில்லைப்பா, நீங்களே வச்சுக்குங்க என்று மட்டும் சொல்லிவிடாதே. வாங்கிக்கொள்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா
பிரிஜட் மரியஅந்தோணி