மார்கழிக் கிணறு ஏன் வெதுவெதுக்கிறது?

புதுக்கோட்டை,
20-12-1941

அத்தான் அவர்களுக்குச் சொர்ணவல்லி எழுதுவது. இங்கே மாமா, அத்தை, மாடு, கன்று எல்லோரும் சௌக்கியம். நான் மட்டும் இல்லை.

விஞ்ஞானத்தை வேடிக்கையாகச் சொல்லப்போகிறேன் என்று வாத்தியார் வேலையை விட்டுத் திருச்சி ரேடியோவுக்குப் போனீர்கள். நேற்று உங்கள் நிகழ்ச்சியைக் கேட்கத் தெருவையே பிச்சையம்மாள் அக்கா வீட்டில் கூட்டி வைத்திருந்தேன். நீங்கள் எழுதிய நாடகத்தில் வாத்தியார் பெண்சாதி அம்மாக்கண்ணு, "மார்கழி விடிகாலையில கிணத்துத் தண்ணி ஏன் வெதுவெதுன்னு இருக்கு?" என்று கேட்கிறாள். வாத்தியார், "குளிருக்குத் தண்ணி கம்பளி போத்திக்கிட்டுத் தூங்குதுடி" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அத்தோடு முடிந்துவிட்டது.

அது போன மார்கழியில் நான் உங்களைக் கேட்டது. அன்றைக்கும் சிரித்துவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனீர்கள். எனக்குச் சொல்லாத பதிலை ஊருக்காவது சொல்லியிருக்கலாம்.

சொர்ணவல்லி

திருச்சி,
23-12-1941

அன்புள்ள சொர்ணத்துக்கு,

இதற்குப் போய்க் கோபமா? வெறும் விஞ்ஞானம் பேசினால் ஜனங்கள் ரேடியோவை மூடிவிடுகிறார்கள். கஷாயத்துக்குப் பிறகு கற்கண்டு தருவதில்லையா? அம்மாக்கண்ணு யாரென்று யாருக்குத் தெரியப்போகிறது? இங்கே ஏகப் பாராட்டு, வாராவாரம் வேண்டுமாம். நீ கேட்பாயே, அந்த மாதிரி இன்னும் நாலைந்து எழுதி அனுப்பு. அவசரம். உறையூரில் வீடு பார்த்துவிட்டேன். தை பிறந்ததும் வந்துவிடு.

ஆவுடையப்பன்

புதுக்கோட்டை,
25-12-1941

அத்தான் அவர்களுக்கு,

நாலைந்து வேண்டுமா? நான் என்ன கேள்வி காய்க்கிற மரமா?

யாருக்கும் தெரியாதாம். அன்றைக்குக் கிணற்றடியில் தயிர்க்காரி இருளாயியும் இருந்தாளே, மறந்துவிட்டீர்களா? அவள் இப்போது என்னை அம்மாக்கண்ணு என்றுதான் கூப்பிடுகிறாள். நேற்று கேட்டாள்: "வாத்தியாரு சிரிப்புக் காட்டினாக, சரி. ஏன் வெதுவெதுன்னு இருக்குன்னு சொல்லலியே தாயி. அவுகளுக்குத் தெரியாதோ?"

எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. பதிலை ரேடியோவிலேயே சொல்லுங்கள். உறையூரைப் பற்றி அப்புறம் பேசலாம்.

சொர்ணவல்லி

திருச்சி,
29-12-1941

சொர்ணம்,

நேயர்களும் அதையே கேட்டு எழுதியிருக்கிறார்கள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பதில். இப்போது திருப்திதானே? பெட்டியைக் கட்டு.

ஆவுடையப்பன்

புதுக்கோட்டை,
3-1-1942

அத்தான் அவர்களுக்கு,

நேற்று கேட்டோம். ஆழத்துத் தண்ணீர் எப்போதும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்கிறது, குளிர்ந்துபோவது காற்றும் நம் கையும்தான் என்று தெளிவாகச் சொன்னீர்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இருளாயி கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். அம்மாக்கண்ணுவை, "எனக்கு ஏதுங்க மூளை, நான் அடுப்படிக் கழுதைதானே" என்று சொல்ல வைத்தீர்கள். மறுபடியும் சிரிப்பு. பிச்சையம்மாள் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவை மூடினார்கள்.

கேள்வி என்னுடையது. அந்தக் கழுதைப் பேச்சு உங்களுடையது. நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை; நினைத்ததும் இல்லை.

பெட்டி கட்டவில்லை. உறையூர் வீட்டை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். இன்று காலை மனசில் புதிதாக ஒரு கேள்வி வந்தது. உங்களுக்குத்தான் எழுத உட்கார்ந்தேன்; கை ஓடவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார்கள்.

சொர்ணவல்லி